கடக ராசிக்கு மாமியார்

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியில் ராசிபலன் எழுதியவர், அடியில் பெயர் அச்சிடப்பட்டிருந்த ஜோதிடர் அல்லர். நான்தான் எழுதினேன்!

எழுதினேன் என்பதும் பொய்... என் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டினேன். அது முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் பன்னிரண்டு ராசிக்கும் சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கிப் போட்டுவிட்டது. அந்த நேரத்துக்குள் நான் ஒரு வாய் டீகூட விழுங்கியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு 'வெற்றி' என்று பார்த்துவிட்டு நீங்கள் மேலதிகாரியிடம் சண்டைக்குப் போயிருக்கலாம். 'பயம்' என்று பார்த்துவிட்டுப் பெண் பார்க்கப் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம். அதற்குள் அந்தப் பெண்ணை வேறு யாராவது பேசி முடித்திருந்தால்... அதற்கும் நான்தான் பொறுப்பு. ஆனால் உங்களுக்குச் செய்தது சின்னத் தவறு. இன்னொருவருக்குச் செய்தது வேறு. அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பாளன். வருடத்தில் பாதி பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஓடும், மீதிப் பாதி நாள்காட்டி ஓடும். இரண்டுக்கும் நடுவில் மெஷின் இளைப்பாறும். நான் இளைப்பாற மாட்டேன். எந்நேரமும் ஒரு கறுப்புத் திரையைத் திறந்துவைத்து, அதில் பச்சை எழுத்தில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன்.

மவுசைத் தொடுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். மற்றவர்கள் நான்கு இடத்தில் அமுக்கிச் செய்கிற வேலையை நான் ஒரு வரியில் செய்வேன். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தேடியிருப்பேன் என்பது யாருக்கும் தெரியாது.

எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு இதில் என்னைவிடப் பெருமை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை நேராக என் மேசைக்கு அழைத்துவந்து, மிருகக்காட்சிச் சாலையில் நிறுத்துவதுபோல நிறுத்துவார். "இவன் மவுசையே தொடமாட்டான் பாத்துக்கிடுங்க. எல்லாம் எழுத்துலதான். அமெரிக்காவுல இப்படித்தான் செய்தாகளாம்" என்பார். நான் அப்போது தேவையே இல்லாமல் நான்கு வரி தட்டிக் காட்டுவேன்.

வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், எனக்கென்று இருந்த பெயர் அது ஒன்றுதான்.

இனி அந்தக் கட்டளை. கம்ப்யூட்டர் என்றதும் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், எளிய விஷயம்தான். ஒரு கோப்பில் இருக்கிற எழுத்தையெல்லாம் ஒரே வரியில் இணையத்துக்கு ஏற்றிவிடலாம். அங்கே அது ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பதிலுக்கு ஒரு குட்டி லிங்க் வரும். அதை யாருக்கு அனுப்புகிறோமோ அவர்கள் திறந்து எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். நான் எப்போதும் ஒரு வருடம் என்று கொடுப்பேன்.

எங்கள் வடிவமைப்புப் பிரிவு விருதுநகரில் தனிக் கட்டடத்தில் இருந்தது. அங்கே செல்வராணி என்ற பெண் பக்கங்களை அமைப்பாள். ஒருமுறை யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் வந்து, ஒரு சீசனின் லேபிள் முழுவதையும் தின்றுவிட்டது. அன்றிலிருந்து கம்பெனிக்குள் பென் டிரைவுக்குத் தடை. மெயிலில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம்தான்... ஆனால் மெயில் எல்லோரும் அனுப்புகிறார்களே!

ஆக, லிங்க். அண்ணாச்சி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வாசகம் முதல் சாமி படத்துக்கு அடியில் வரும் கடை விலாசம்வரை எல்லாவற்றையும் லிங்க்காகவே அனுப்பினேன். என் மேசைக்கு மேலே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டியிருந்தேன்: 'லிங்க்கை அனுப்புமுன் திறந்து பார்.' பிறருக்கு அறிவுரை சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை.

இப்போது வேலாயுதம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு விரல் தயங்குகிறது...

அவர்தான் எங்கள் நாள்காட்டிக்கு ஜோதிடர். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுபதை அப்போதுதான் தாண்டியிருந்தார். சாத்தூரிலிருந்து மொபெட்டில் வருவார். மொபெட்டின் முன்பக்கம் ஒரு டிபன் கேரியரும், மடியில் ஒரு நீள நோட்டும் இருக்கும். அந்த நோட்டில்தான் வருடம் முழுமைக்கும் பலன்.

தினசரித் தாளில் வரும் பலனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராசிக்கு ஒரு சொல். மேஷம் லாபம், ரிஷபம் அலைச்சல், மிதுனம் பாராட்டு... அவ்வளவுதான். யாரோ வாய்க்கு வந்ததை எழுதிப் போடுகிறார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால், வேலாயுதம் சாரை உங்களுக்குத் தெரியாது. அவர் கிரகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார். போட்ட பிறகு மனுஷரையும் பார்ப்பார்.

ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதம் நான்கு நாள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் வாசிக்க நான் தட்டுவேன். நடுவில் திடீரென்று நிறுத்துவார். "தம்பி, சிம்மத்துக்கு அன்னைக்குக் கவலைன்னு கணக்கு வருது. முந்துன நாளும் கவலைதான் குடுத்திருக்கோம். பாவம், ரெண்டு நாளு தாங்கமாட்டான். சிந்தனைன்னு போடு. அதுவும் பொய்யில்ல" என்பார்.

கெட்ட சொல்லை ஒரு ராசிக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க மாட்டார். பரீட்சை மாதத்தில் எந்த ராசிக்கும் 'மறதி' கிடையாது. கிழித்துப் பார்க்கிறவர் நோயாளியாக இருந்தால், கைக்குழந்தைக்காரியாக இருந்தால் என்றெல்லாம் யோசிப்பார். நான்காயிரத்துச் சொச்சம் சொற்கள்... ஒவ்வொன்றுக்கும் பின்னால் முகம் தெரியாத ஒரு மனுஷர் அவருக்கு இருந்தார்.

இரண்டு பழக்கங்கள் அவருக்கு உண்டு. எழுதிக் கொடுத்த பலனைத் திரும்பப் படிக்க மாட்டார். படித்தால் நம் ஆசை உள்ளே புகுந்துவிடும், மாற்றத் தோன்றும் என்பார். அதனால் புரூஃப் வரும்போது திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பலன் கட்டத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்துக்கொள்வார். இரண்டாவது பழக்கம், தட்டி முடித்ததும் நோட்டை இருக்கன்குடிக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு ஆற்றில் விட்டுவிடுவார். ஊருக்குக் கொடுத்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம்.

ஆக, அந்த வருடத்துப் பலனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஆதாரம் என் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு கோப்பு. அப்புறம், அதை நான் இணையத்தில் ஏற்றிய பக்கம்.

அந்த வருடம் நான்காம் நாள் மத்தியானம் தட்டி முடித்தோம். உடனே ஏற்றினேன், லிங்க் வந்தது, செல்வராணிக்கு அனுப்பினேன். அவள் அன்று குழந்தைக்குக் காது குத்த லீவு போட்டிருந்தாள். சரி, நாளைக்குப் பார்ப்பாள் என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை! கையில் நேரம் இருந்தது. பாக்கெட் சைஸ் நாள்காட்டி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன் குட்டிக் கட்டத்தில் சொற்கள் அடங்குமா என்று சோதிக்க ஒரு மாதிரிக் கோப்பு தேவைப்பட்டது. உண்மையான கோப்பையே போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் கறுப்புத் திரைக்காரன் அப்படிச் செய்வானா? முப்பது சொற்களை எழுதிவைத்து, அவற்றைக் குலுக்கி ஒரு வருடத்துக்குப் பரப்பி, அப்படியே இணையத்தில் ஏற்றி, லிங்க்கும் தந்துவிடுகிற ஒரே வரி ஒன்றைக் கட்டினேன். அழகான வரி. இன்றைக்கும் மனப்பாடம்.

முப்பது சொல்லில் இருபத்தெட்டு எளிதாக வந்துவிட்டது. லாபம், நஷ்டம், பயம், வெற்றி, விரயம், ஆதரவு... அதற்குமேல் ஓடவில்லை. அப்போது என் மனைவி போனில் வந்தாள்.

"அம்மா காரியாபட்டியில பஸ் ஏறிட்டாக. ஒரு வாரம் இருப்பாக. வரும்போது மல்லிப்பூ வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நான் 'மாமியார்' என்று தட்டினேன். மாதிரிதானே! கடைவாய்ப் பல் ஒன்று காலையிலிருந்து விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. முப்பதாவது சொல்லாக 'பல்வலி' என்று போட்டு என்டரைத் தட்டினேன். கட்டத்தில் எல்லாம் அடங்கியது. பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை செல்வராணி கூப்பிட்டாள். "அண்ணே, நேத்து நீங்க அனுப்புனது காது குத்து போட்டோவுக்கு நடுவுல எங்கனயோ போயிருச்சு. இன்னொரு தடவ அனுப்புங்கண்ணே" என்றாள்.

பழைய லிங்க்கையே போனில் தேடி அனுப்பியிருக்கலாம், ஆனால் தேடுவதைவிடத் தட்டுவதுதான் எனக்குப் பெருமை. என் வலக்கையில் டீக் கிளாஸ். கறுப்புத் திரையில் மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு கொடுத்த கட்டளை திரும்ப வரும். ஒரு தட்டுக்குக் கடைசியாகக் கொடுத்தது, இரண்டு தட்டுக்கு அதற்கு முந்தையது. நான் இரண்டு முறை தட்ட வேண்டும். இடக்கையால் ஒருமுறை தட்டினேன்... என்டர்.

கட்டளை தன் வேலையைச் செய்தது. புதிதாக ஒரு வருடத்தைக் குலுக்கியது. ஏற்றியது. லிங்க் வந்தது. தலைக்கு மேலே 'திறந்து பார்' என்று நான் ஒட்டிய தாள் இருக்க, நான் அதைத் திறந்து பார்க்காமல் செல்வராணிக்கு அனுப்பினேன். டீ நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. செல்வராணி பக்கம் அமைத்தாள். வேலாயுதம் சார் பலன் கட்டத்தை வெள்ளைத் தாளால் மறைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சரிபார்த்தார், இரண்டு நட்சத்திரப் பிழைகளைத் திருத்தினார். அச்சானது. தைத்தார்கள். லோடு ஏறியது.

கார்த்திகையில் ஒரு நாள் வழக்கம்போல ஒரு நாள்காட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி தை மாதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் கடக ராசி.

"என்னங்க இது... கடகம் மாமியார்னு போட்டிருக்கு?"

பிடுங்கிப் பார்த்தேன். மறுநாள் தனுசுக்கு மாமியார். அதற்கு மறுநாள் மீனத்துக்குப் பல்வலி. நான் சோற்றில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். மனைவி மட்டும், "எங்க அம்மாவ இழுத்திருக்காரே இந்த ஜோசியரு" என்று அவருக்குச் சேரவேண்டாத வசவை அவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் செல்வராணியைக் கேட்டேன். அவள் சொன்ன பதில்: "பாத்தேன்ணே. சாரு இந்த வருசம் புதுமாதிரியா போட்டிருக்காக போலன்னு நெனச்சேன்."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நேராக அண்ணாச்சி அறைக்குப் போய்ச் சொல்லியிருப்பீர்கள். நானும் போனேன். மூன்று தரம் போனேன். முதல் தரம் அவர் பூஜையில் இருந்தார். இரண்டாம் தரம் போனில் இருந்தார். மூன்றாம் தரம் சும்மாதான் இருந்தார். "ஏலே, நீ இருக்கப்போயி இந்த சீசன்ல ஒரு ஆர்டர்கூட பிந்தல. இந்தா, பிடி" என்று ஒரு வேட்டி சட்டையைக் கையில் வைத்தார். அப்போது அறையில் மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி அவரிடம் என் மவுஸ் கதையை ஆரம்பித்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் கறுப்புத் திரையைத் திறந்து சாரின் உண்மையான கோப்பை அழித்தேன். அதற்கும் ஒரே வரிதான். இணையத்தில் இருந்த பக்கத்தை அழிக்க எனக்கு வழியில்லை. ஒரு வருடம் கழித்து அதுவே போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி பிறந்தது. இனிமேல்தான் கூத்து.

திட்டி போன் வரும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்ததெல்லாம் பாராட்டு! சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் எழுத்தர் ஒருவர் கூப்பிட்டார். அவர் மகர ராசி. 'மாமியார்' என்று போட்டிருந்த நாளில் மாமியார் நிஜமாகவே வந்து இறங்கினாராம். அடுத்த தேதியை முன்கூட்டியே பார்த்துவைத்து, அன்றைக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பிவிட்டாராம். "மத்த காலண்டர்ல லாபம் நஷ்டம்னு மொட்டையா போடுதாக. இதுலதான் ஆளு யாருன்னே சொல்லியிருக்காக" என்றார்.

எங்கள் தெரு முக்கில் இருக்கிற பல் டாக்டர் ஒரு நாள்காட்டியை வாங்கிப்போய் மேசையிலேயே வைத்துக்கொண்டார். பல்வலி போட்ட ராசிக்காரர்கள் சும்மா ஒரு தரம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம்.

அண்ணாச்சி பூரித்துப்போனார். "அடுத்த வருசத்துக்கு சம்பந்தி, கொழுந்தியா, நாத்தனா எல்லாரையும் போடச் சொல்லணும். வேலாயுதம் சாருக்கு இம்புட்டு நாளா இந்த யோசனை வராமப் போச்சே" என்றார். ராசிக்கு மாதம் ஒரு மாமியார் வீதம் ஊர் முழுவதும் மகிழ்ந்திருந்தது. நானும் மெல்ல மெல்லப் பயம் தெளிந்தேன். தவறே நல்லதாக முடிந்துவிட்டது என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதம் வேலாயுதம் சார் வந்தார்.

மொபெட்டில் வரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். கையில் நோட்டு இல்லை, தாள் கிழிக்காத நாள்காட்டி ஒன்று இருந்தது. கல்யாண வீட்டில் யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கி 'மாமியார்' பலனைப் பாராட்டியிருக்கிறார். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பலனைத் தானே படித்திருக்கிறார். ஆவணியில் போட்ட அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நாலு நாளும் நீதான கூட இருந்த. நான் வாசிச்சது இதுதானா?"

அவர் தை மாதத்தில் ஒரு வாரத்தை விரித்துக் காட்டினார். "கன்னியைப் பாரு. பயம், கவலை, விரயம், பயம், பல்வலி. அஞ்சு நாளு ஓயாம. நான் ஒரு மனுசனை இப்படி வதைப்பேனா? எங்க மாமியா போன மார்கழியில சாகுறவரைக்கும் எங்க கூடத்தான் படுத்த படுக்கையா இருந்தாக. மனசுல கிடந்தது வாயில வந்துருச்சோ?"

அண்ணாச்சி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ என்னைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என் கை விசைப்பலகைமேல் இருந்தது. 'இல்லை சார், நான்தான்' என்று மூன்று சொல். மூன்றே மூன்று!

"ஆமா சார். நீங்க வாசிச்சதத்தான் அடிச்சேன்" என்றேன்.

"மாமியார்னுமா வாசிச்சேன்?"

"ஆமா சார்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல தம்பி."

"நீங்க ஒரு கணக்கு வச்சுத்தான் சொல்லுவீகன்னு நெனச்சேன் சார்."

அவர் தலையாட்டினார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நான் உடைந்திருப்பேன். நாள்காட்டியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்க அய்யாவுக்குக் கடைசி மூணு வருசம் என்னையவே யாருன்னு தெரியாது. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. சொன்னது ஞாபகம் இருக்காது, சொல்லவே இல்லைன்னு சாதிப்பாரு" என்றார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கை நடுங்காமல் கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பல வருடமாக அவர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அத்தாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அவர் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, நல்ல ஞாபகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் நம்பவில்லை. "அவருக்கு என்ன தெரியும்? அச்சுல வந்திருக்கே" என்றாராம். மொபெட்டை விற்றுவிட்டார், எங்கேயாவது வழி மறந்துவிட்டால் என்று. தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கணக்கையும் நிறுத்திவிட்டார், தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்று.

அவர் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை என்பதற்கு ஆதாரம் டாக்டரிடம் இல்லை. என்னிடம் இருந்தது. செல்வராணிக்கு நான் முதலில் அனுப்பிய லிங்க் என் போனில் அப்படியே கிடந்தது. தட்டினால் திறக்கும். அவர் வாசித்த ஒவ்வொரு சொல்லும் அங்கே இருந்தது. ஒரு கன்னி ராசிக்காரரைக்கூட அவர் வதைக்கவில்லை. அதை அவருக்கு அனுப்பினால் போதும்.

தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தேன். ஊருக்கெல்லாம் குலுக்கிப் போட்ட பலன், எனக்கு மட்டும் உண்மையான பலன். நான் துலாம். அவரிடம் பொய் சொன்ன நாளுக்கு எனக்கு அவர் 'ஆதரவு' என்று எழுதியிருந்தார்.

பங்குனியில் சொல்லிவிடுவேன் என்றிருந்தேன். பிறகு சித்திரை. பிறகு, அண்ணாச்சி தீபாவளி லேபிள் வேலையில் இருக்கிறார், இப்போது குழப்பக் கூடாது என்றேன். ஆவணி வந்தது. ஒரு நாள் காலை லிங்க்கைத் தட்டினேன். 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை' என்று வந்தது. மறுபடி தட்டினேன். கறுப்புத் திரையிலும் கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லா வரியையும் தட்டினேன்... இல்லை.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்குள் முதலில் எழுந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனிமேல் சொன்னாலும் நிரூபிக்க முடியாது, ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

பலன் எழுத மாட்டேன் என்று ஒதுங்கியிருந்த சாரிடம் அண்ணாச்சி சாத்தூருக்கே போய் மன்றாடினார். அந்த மாமியார் நாள்காட்டிக்கு அவ்வளவு ஆர்டர். கடைசியில் சார் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். "நான் எழுதுறத அந்தத் தம்பி பாக்கணும். அவன் சரின்னு சொன்னாத்தான் நான் நம்புவேன். எனக்கு என்னைய நம்ப முடியல" என்றாராம். அண்ணாச்சி இதை என்னிடம் பெரிய விருதுபோலச் சொன்னார்.

நான் இப்போதாவது சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன்! போன வருடம் ஒருநாள் பஸ் நிலையத்தில் வைத்து, "சார், அன்னைக்கு நான்தான் தப்பா அனுப்பிட்டேன், நீங்க சரியாத்தான் வாசிச்சீக" என்று சொல்லியே விட்டேன். அவர் என் தோளில் கைவைத்தார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிடுதியே... நல்ல பிள்ள தம்பி நீ. நீ மவுசைக்கூடத் தொடமாட்டியாம், நீ எங்க தப்புப் பண்ணப்போற" என்றார்.

காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பஸ் வந்தது, அவரை ஏற்றி உட்காரவைத்தேன். என் பெயர் சாத்தூர்வரை பரவியிருக்கிறது.

முதலில் பலனை மட்டும்தான் அனுப்பினார். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார், நான் 'சரி சார்' என்று போடுவேன். பிறகு பால்கணக்கு வந்தது. பிறகு மாத்திரைச் சீட்டு. பிறகு, அடுப்பை அணைத்த படம்... இப்போது எல்லாம் வருகிறது.

இன்று காலை எட்டு மணிக்கு வீட்டுக் கதவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிய பூட்டு, பூட்டித்தான் இருந்தது. கீழே, 'தம்பி, நான் பூட்டிட்டேனா? பாத்துச் சொல்லு. அதுவரைக்கும் வாசல்லயே நிக்கேன்' என்று எழுதியிருந்தார்.

நான் குளித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. எட்டே முக்காலுக்குத்தான் பார்த்தேன். 'பூட்டியிருக்கு சார், போய்ட்டு வாங்க' என்று அனுப்பினேன். அவர் உடனே ஒரு கும்பிடு அனுப்பினார்.